கனடாவில் பூர்வகுடி மாணவர்கள் பர்சரிக்கு விண்ணப்பிப்பது எப்படி

கனடாவில் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சேரும் பூர்வகுடி மாணவருக்குப் படிப்புச் செலவுக்கான பணம் ஒரே இடத்திலிருந்து வருவது அரிது. ஊரின் பேண்ட் அலுவலகம் (பேண்ட் என்பது ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் நிர்வாக அமைப்பு), மாகாண அரசின் மாணவர் நிதியுதவித் திட்டம், இன்ஸ்பையர் போன்ற தேசிய அமைப்புகள், சேர்ந்த கல்வி நிறுவனத்தின் நிதியுதவி அலுவலகம், தனியார் நிறுவனங்கள் தம் பெயரில் வைத்திருக்கும் நிதிகள் என்று பல வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கெடு. ஆனால் அவை கேட்கும் தாள்கள் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே எந்தப் படிவத்தையும் திறப்பதற்கு முன்பே அந்தத் தாள்களைத் திரட்டிக் கோப்பாக வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. இதை மாணவரை மட்டுமன்றி, அவருக்குத் துணைநிற்கும் ஆசிரியரையும் கல்லூரி ஊழியரையும் குடும்பத்தினரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், யாருக்கு இந்த உரிமை என்பது தெளிவாக வேண்டும். கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு பூர்வகுடி மக்களை மூன்று பிரிவினராகக் கூறுகிறது: இன்று ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் என அழைக்கப்படும் மக்கள், வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த மரபில் உருவான மெட்டி மக்கள். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவர்கள் 18 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். நாட்டின் மக்கள்தொகையில் 5 விழுக்காடு. படிவத்தில் 'பூர்வகுடி' என்னும் கட்டம் இவர்களை மட்டுமே குறிக்கிறது. தமிழர் சிலர் கேட்பதுண்டு என்பதால் சொல்கிறேன்: இலங்கையின் வேடர் மரபினரோ நீலகிரியின் தோடர் மரபினரோ கனடாவில் குடியேறிப் படித்தாலும் அந்தக் கட்டத்தில் குறியிட முடியாது. பெற்றோரில் ஒருவர் தமிழராகவும் மற்றவர் கிரீ அல்லது ஓஜிப்வே மரபினராகவும் இருந்தால் அது வேறு. அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு.

பர்சரி என்பது பணத்தேவையைப் பார்த்துத் தரப்படுவது, திருப்பிச் செலுத்த வேண்டாதது. ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் மதிப்பெண்ணையும் சாதனையையும் பார்த்துத் தரப்படுவது. "என் மதிப்பெண்ணுக்கு யார் தருவார்கள்" என்று ஒதுங்கிவிடும் மாணவர் பலரும் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே. பர்சரிக்குத் தேர்ச்சி பெற்று வகுப்பில் தொடர்ந்தால் போதும் என்பதே பல இடங்களில் நடைமுறை.

இனி கோப்பின் முதல் தாள்: மரபுச் சான்று. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மாணவருக்கு இது எளிது, அவர் மத்திய அரசிடம் பதிவுபெற்றவர் என்பதைக் காட்டும் ஸ்டேட்டஸ் கார்டு அவரிடம் இருந்தால். அதிலுள்ள பதிவெண் 10 இலக்கம் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் அவருடைய பேண்டைக் குறிப்பவை. அட்டை காலாவதியாகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிட வேண்டும். புதுப்பிப்பதற்கும், அதைவிட முக்கியமாக முதன்முறை பதிவுசெய்வதற்கும், மாதக்கணக்கில் ஆகலாம். முதன்முறைப் பதிவுக்குப் பெற்றோர் பெயர் குறிப்பிடப்பட்ட விரிவான பிறப்புச் சான்றிதழ் தேவை. மாகாணத்திலிருந்து அதை வரவழைப்பதற்கே சில வாரங்கள் போய்விடும். ஆகவே செப்டம்பரில் வகுப்பு தொடங்குமானால் முந்தைய குளிர்காலத்திலேயே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

அட்டையே இல்லாத மாணவரின் கதை பெரும்பாலும் அவருடைய பாட்டியிடமோ கொள்ளுப்பாட்டியிடமோ தொடங்குகிறது. பூர்வகுடியினரை 'இந்தியர்' என்று அழைத்து, இந்தியன் சட்டம் என்ற பெயரில் 1876இல் வந்த சட்டம், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பூர்வகுடியினர் தம் சட்டப்பூர்வத் தகுதியை இழந்து மற்றக் குடிமக்களோடு சேர்ந்துவிடுவர் என்று எழுதிவைத்தது. படித்ததற்கே தண்டனை போன்ற அந்த விதியை, இன்று படிப்பதற்காக உதவி கேட்டு நிற்கும் பேரப்பிள்ளை அறிந்திருப்பது நல்லது. அந்தச் சட்டப்பூர்வத் தகுதி இல்லாத ஆணை மணந்த பெண்கள் 1985 வரை தம் தகுதியை இழந்துவந்தனர். அவ்வாண்டின் சி-31 என்னும் திருத்தச் சட்டம் அவர்களில் பலருக்கு அதை மீட்டுத் தந்தது. எஸ்-3 என்னும் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019இல் முழுமையாக நடைமுறைக்கு வந்து, பெண்வழியில் வந்த சந்ததியினருக்கும் வழி திறந்தது. எனவே "நமக்குக் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்" என்று குடும்பத்தில் யாராவது சொன்னால், அது எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்று கேட்க வேண்டும். 2019க்கு முந்தைய பதிலானால் மீண்டும் விண்ணப்பிப்பதில் பொருள் உண்டு.

மெட்டி மாணவர்கள் மெட்டி நேஷன் ஆஃப் ஒண்டாரியோ, மனிடோபா மெட்டி ஃபெடரேஷன் போன்ற தம் பகுதி அமைப்பின் குடியுரிமை அட்டையையும், இனுயிட் மாணவர்கள் தம் நில உரிமை ஒப்பந்தத்தின் கீழ்ப் பயனாளியாகப் பதிவான அட்டையையும் தர வேண்டும். வடக்கிலுள்ள நுனாவுட் பிரதேசத்தில் அந்தப் பதிவை நுனாவுட் துங்காவிக் என்னும் அமைப்பு கவனிக்கிறது.

சான்று கேட்பதில் முன்னைவிட இப்போது கண்டிப்பு கூடியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. டொராண்டோவைச் சேர்ந்த ஒரு பெண் தன் இரு மகள்களை இனுயிட் தாய்க்குப் பிறந்து தத்தெடுக்கப்பட்டவர்கள் என்று பொய்யாகப் பதிவுசெய்து, இனுயிட் அமைப்புகளிடமிருந்து 1,50,000 டாலருக்கும் மேற்பட்ட கல்வி உதவியைப் பெற்ற வழக்கு 2023இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தப் பணம் வடக்கின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியிருந்தது. ஆகவே அட்டையோடு நில்லாமல், எந்த நேஷன், எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சில வரிகள் எழுதச் சொல்லும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. அதை ஐயப்பாடாகக் கொள்ளாமல் அறிமுகமாகக் கொண்டு எழுத வேண்டும். இளம் வயதிலேயே ஊரிலிருந்து பிரிக்கப்பட்டு வேறு குடும்பத்தில் வளர்ந்தவராயின், அதையும் அப்படியே எழுதலாம். மறைக்க வேண்டியது எதுவுமில்லை.

தட்ட வேண்டிய முதல் வாசல் பேண்ட் அலுவலகத்தின் கல்விப் பிரிவு. மத்திய அரசின் போஸ்ட் செகண்டரி ஸ்டூடண்ட் சப்போர்ட் ப்ரோக்ராம் என்னும் உயர்கல்வி மாணவர் உதவித் திட்டத்தின் பணம் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் நேஷன்களின் கையால் மாணவருக்குப் போய்ச் சேருகிறது. கல்விக் கட்டணம், நூல்கள், பயணம், தங்கிப் படிக்கும் காலத்துக்கான மாதப்படி ஆகியவை இதில் அடங்கும். பதிவுபெற்ற எல்லோருக்கும் இது தானாகக் கிடைத்துவிடும் என்று வெளியில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. உண்மை அப்படியன்று. 1996 முதல் நீண்ட காலம் இந்த நிதியின் வளர்ச்சி ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குள் கட்டப்பட்டிருந்தது. மாணவர் எண்ணிக்கையோ அதற்குள் நிற்கவில்லை. காத்திருக்கும் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மாணவர்களின் வரிசையை முடிவுக்குக் கொண்டுவரப் போதிய நிதி தர வேண்டும் என்று 2015இல், உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் பட்ட துன்பத்தை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் தன் 94 அழைப்புகளில் பதினோராவதாகக் கேட்டது இதனால்தான். பணம் போதாதபோது ஒவ்வொரு பேண்டும் தனக்கென ஒரு வரிசை வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்கு முதலிடம், அவ்வாண்டு பள்ளி முடித்தவருக்கு அடுத்த இடம் என்பது பல இடங்களில் வழக்கம்.

கல்வி ஆண்டு செப்டம்பரில் தொடங்கினாலும் பேண்டின் கெடு பெரும்பாலும் வசந்த காலத்திலேயே முடிந்துவிடுகிறது. கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் வரட்டும் என்று காத்திராமல், விண்ணப்பித்ததற்கான சான்றோடு படிவத்தைக் கொடுத்துவிட்டு, கடிதம் வந்ததும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். கல்வி ஒருங்கிணைப்பாளரோடு தொலைபேசியில் பேசுவது மின்னஞ்சலைவிடப் பயன் தரும். சிறிய ஊர்களில் அந்த ஒருவரே பள்ளிப் பேருந்து முதல் பட்டப்படிப்பு வரை எல்லாவற்றையும் பார்ப்பவராக இருப்பார். பேண்ட் எவ்வளவு தருகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தாலும் அதை எழுத்தில் வாங்க வேண்டும். மறுப்புக் கடிதத்தைக் கசக்கி எறியக் கூடாது. பேண்டிடமிருந்து பணம் வரவில்லை என்பதற்கு அடுத்த வாசல்களில் அதுவே சான்று. பதிவு பெறாத மாணவர்களுக்கு இத்திட்டம் இல்லை. இனுயிட், மெட்டி மாணவர்களுக்கென 2019ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் தனித்தனி உயர்கல்வித் திட்டங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றை அந்தந்த மக்களின் அமைப்புகளே நடத்துகின்றன.

இரண்டாவது, அரசின் பொது மாணவர் நிதியுதவி. கடன் என்ற சொல்லைக் கேட்டே பலர் இந்தப் படிவத்தைத் தொடுவதில்லை. ஆனால் திருப்பித் தர வேண்டாத மானியமும் அதே படிவத்தின் வழியாகத்தான் கணக்கிடப்படுகிறது. ஒண்டாரியோவின் ஓசாப் திட்டத்தில் மானியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு கடனை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மத்திய அரசுக் கடனுக்கு 2023 ஏப்ரல் முதல் வட்டி இல்லை. மாணவர் தம் பங்காகப் போட வேண்டும் என்று மத்திய அரசு கணக்கில் கழிக்கும் தொகையிலிருந்து பூர்வகுடி மாணவருக்கு விலக்கு உண்டு. அந்தக் கட்டத்தில் குறியிட மறந்தால் விலக்கும் போய்விடும். நுனாவுட், வடமேற்குப் பிரதேசங்கள், கியூபெக் ஆகியவை இந்த மத்தியத் திட்டத்துக்கு வெளியே தம் சொந்தத் திட்டங்களை நடத்துபவை. பல கல்லூரி பர்சரிகள், அரசு உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாரா என்பதை முதல் கேள்வியாகக் கேட்கின்றன என்பதாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

இங்கே வருமான வரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலத்தில் பதிவுபெற்றவர் ஈட்டிய வருமானத்துக்கு இந்தியன் சட்டத்தின் 87ஆம் பிரிவு வரிவிலக்கு அளிப்பதால், கணக்குத் தாக்கல் செய்யாமலே இருக்கும் குடும்பங்கள் உண்டு. வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்வதே நல்லது. பணத்தேவையை மெய்ப்பிக்கப் பெரும்பாலானோர் கேட்கும் தாள் வரித்துறை அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்புதான். தாக்கல் செய்யாதவருக்கு அது வராது.

தேசிய அளவில் பெரிய வாசல் இன்ஸ்பையர். பூர்வகுடியினரே நடத்தும் இந்த அறக்கட்டளை 1985இல் கலை மாணவருக்கு உதவும் சிறிய அமைப்பாகத் தொடங்கி, 2012இல் இப்பெயரைப் பெற்றது. தலைமையகம் ஒண்டாரியோவில் சிக்ஸ் நேஷன்ஸ் மக்களின் நிலத்தில் இருக்கிறது. பில்டிங் பிரைட்டர் ஃபியூச்சர்ஸ் என்னும் அதன் திட்டத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பினால், மாணவருக்குப் பொருந்தும் நன்கொடை நிதிகள் எல்லாவற்றோடும் அவர்களே பொருத்திப் பார்க்கிறார்கள். நன்கொடையாளர் சிலர் குறிப்பிட்ட மாகாணத்துக்கோ படிப்புக்கோ என்று நிபந்தனை வைத்திருப்பதால், ஊர், நேஷன், துறை, பிள்ளைகள் உண்டா என்பன போன்ற கட்டங்களை வெறுமையாக விட்டால் பொருத்தம் தவறிப்போகும். ஆகஸ்ட் 1, நவம்பர் 1, பிப்ரவரி 1 என்று கெடுக்கள் வந்துபோகின்றன. அவ்வாண்டின் தேதியைத் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இது தவிர, மத்திய அரசின் தளத்தில் பூர்வகுடி பர்சரித் தேடல் கருவி ஒன்று இருக்கிறது. மாகாணத்தையும் துறையையும் கொடுத்தால் நூற்றுக்கணக்கானவற்றிலிருந்து பொருந்துபவற்றைக் காட்டும். மனிடோபாவில் ஹெலன் பெட்டி ஆஸ்பர்ன் நினைவு அறக்கட்டளை, பிரிட்டிஷ் கொலம்பியாவில் இர்விங் கே. பார்பர் பூர்வகுடி விருது என்று அந்தந்த மாகாணத்துக்குரியவையும் உள்ளன.

ஆனால் என்னைக் கேட்டால், வெளியூர் அறக்கட்டளைகளைத் தேடுவதற்கு முன் மாணவர் செய்ய வேண்டியது தம் வளாகத்திலுள்ள பூர்வகுடி மாணவர் மையத்துக்கு நடந்து போவதே. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஹவுஸ், மனிடோபா பல்கலைக்கழகத்தில் மிகிஸி அகமிக், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாங்ஹவுஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அங்கே இருப்பவர்களுக்கு எந்த நிதியில் இன்னும் பணம் மீதமிருக்கிறது, யாரிடம் பேச வேண்டும் என்பது தெரியும். 500 டாலர், 1,000 டாலர் என்று சிறியனவாக இருப்பதால் யாரும் விண்ணப்பிக்காமல் விடும் நிதிகள் அங்கேதான் வெளிவரும்.

இனி எழுத வேண்டியவற்றில் கடினமானது வரவு செலவுக் கணக்கு. கணக்கு போடுவது எளிது. நம்பும்படி போடுவதுதான் கடினம். வட ஒண்டாரியோவில் விமானமும் குளிர்காலப் பனிச்சாலையும் தவிர வேறு வழி இல்லாத ஓர் ஊரிலிருந்து தண்டர் பே நகருக்கு நர்ஸிங் படிக்க வரும் மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எட்டு மாதத்துக்குக் கல்விக் கட்டணம் 3,000 டாலர், நூல்களும் சீருடையும் 1,000, வாடகை மாதம் 800 வீதம் 6,400, உணவு மாதம் 400 வீதம் 3,200, தொலைபேசியும் இணையமும் 640, பேருந்து 560, ஊருக்குப் போய்வர இரண்டு விமானப் பயணம் 1,800. ஆக மொத்தம் 16,600. வரவில் பேண்ட் தரும் கட்டணம் 3,000, நூலுக்கு 500, மாதப்படி 1,000 வீதம் 8,000, கோடை வேலையில் சேர்த்தது 1,500, மொத்தம் 13,000. பற்றாக்குறை 3,600 டாலர்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது விமானப் பயணம். நகரத்தில் அமர்ந்து படிவத்தைப் பார்ப்பவருக்கு 1,800 டாலர் உல்லாசப் பயணமாகத் தோன்றக் கூடும். ஆகவே அருகிலேயே ஒரு வரியில், ஊருக்குச் சாலை இல்லை என்பதையும், ஒரு பயணம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி மூடப்படுவதால் என்பதையும் எழுத வேண்டும். குழந்தை பராமரிப்பு, ஊரிலிருக்கும் தாய்க்கு மாதாமாதம் அனுப்பும் பணம் ஆகியவற்றையும் கூச்சப்படாமல் எழுதலாம். வரவைக் குறைத்துக் காட்டுவது மட்டும் கூடாது. பேண்ட் தருவதை மறைத்தால் அது பின்னால் தெரியவரும். தந்த பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். பற்றாக்குறையே இல்லாதபடி வரவையும் செலவையும் சமமாக்கிக் காட்டுவது இதற்கு எதிரான பிழை. பள்ளியில் கணக்கைச் சரியாக முடித்த பழக்கத்தால் நேர்வது அது. பற்றாக்குறை இல்லையென்றால் பர்சரியும் தேவையில்லை என்றே படிப்பவர் முடிவுகட்டுவார்.

அடுத்தது தன்னறிக்கை. "எனக்குச் சிறு வயதிலிருந்தே நர்ஸிங்கில் ஆர்வம் அதிகம், என் மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்குவது யார் எழுதினாலும் ஒன்றாகவே இருக்கும். அதே மாணவி இப்படி எழுதலாம்: "எங்கள் ஊரில் மருத்துவமனை இல்லை, நர்ஸிங் ஸ்டேஷன் மட்டும் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் நர்ஸ்கள் சில வாரங்களில் மாறிவிடுவார்கள். ஓஜி-கிரீ மட்டுமே பேசும் என் பாட்டிக்காக பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் மொழிபெயர்த்தேன். மருந்தின் அளவை நான் தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. எனக்குப் போதாமல் இருப்பது 3,600 டாலர். அது என் நாலரை மாத வாடகை." இதில் உருக்கமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆள் யார், ஊர் எப்படிப்பட்டது, பணம் எதற்கு என்பதெல்லாம் தெரிகிறது. தொகையும் கணக்குத் தாளோடு ஒத்துப்போகிறது.

குடும்பத்தின் துயரங்களை எவ்வளவு எழுதுவது என்பது மாணவரின் விருப்பம். பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் காயம் இல்லாத குடும்பம் குறைவு என்பது தேர்வுக்குழுவுக்கும் தெரியும். பணம் பெறுவதற்காக அதை விரித்து எழுத வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. படிப்பு இடையில் நின்றிருந்தால் அதற்கான காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதற்கு அதிக இடம் தருவதே பயன் தரும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று வாரமாவது முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஆசிரியர், வேலை கொடுத்தவர், பேண்டின் கல்வி ஆலோசகர் ஆகியோரில் மாணவரை நன்கு அறிந்தவரே பொருத்தமானவர்; பெரிய பதவி முக்கியமன்று. கேட்கும்போதே படிவத்தின் கேள்விகளையும் தன்னறிக்கையின் நகலையும் கொடுத்துவிட்டால் அவர் எழுதுவதும் அதோடு இசைந்து வரும். ஊர் மூத்தோர் ஒருவரிடம் கேட்பதானால் அந்த மக்களின் முறைப்படி கேட்க வேண்டும். அனிஷினாபே, கிரீ மக்களிடையே புகையிலை அளித்துக் கேட்பது மரபு. இனுயிட் மக்களிடம் அந்த வழக்கம் இல்லை. மூத்தவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, அவர் கையொப்பமிட்டால் ஏற்பார்களா என்பதை நிதி அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

அனுப்பும்போது, அட்டையின் இரு பக்கங்களையும் தெளிவாகப் படியெடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் மாணவர் பெயரும் தாளின் பெயரும் இட்டு வைக்க வேண்டும். வடக்கில் இணையம் அறுந்துபோவது வழக்கம் என்பதால் கெடு நாளின் இரவுக்குத் தள்ளக் கூடாது. பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சல் வராவிட்டால் விண்ணப்பம் போய்ச்சேரவில்லை என்றே கொண்டு விசாரிக்க வேண்டும். பணம் கிடைத்த பிறகு நன்றிக் கடிதம் கேட்பார்கள். அதை உடனே எழுதிவிடுவது அடுத்த ஆண்டுக்கு நல்லது. பிப்ரவரி வாக்கில் டி4ஏ என்னும் வரித்தாள் வரும். முழுநேர மாணவருக்குப் பர்சரித் தொகை முழுவதற்கும் பொதுவாக வரி இல்லை. பகுதிநேர மாணவருக்குக் கட்டணமும் நூல் செலவும் ஆகிய அளவுக்கே விலக்கு.

மறுப்பு வந்தால் காரணம் கேட்டு எழுதலாம். தாள் குறைவு என்றால் அடுத்த கெடுவுக்குள் அதைச் சரிசெய்யலாம். இடையில் வாடகைக்கோ உணவுக்கோ நெருக்கடி வந்தால், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பொதுக் கல்லூரிகளில் பூர்வகுடி மாணவருக்கென அவசர உதவி நிதி இருக்கிறது. மற்ற மாகாணங்களிலும் வளாக மையத்தில் விசாரித்தால் அவசர உதவிக்கு வழி சொல்வார்கள். நவம்பரில் கிடைக்காதது பிப்ரவரியில் கிடைக்கலாம். அப்போது அதே கோப்பை எடுத்து, முதல் பருவத்தின் மதிப்பெண் பட்டியலைச் சேர்த்து, கணக்கில் மாறிய தொகைகளைத் திருத்தி அனுப்பினால் போதும்.